கோட்டை விடாத கம்ப்யூட்டர்

அன்பு வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிப்பு இரண்டு வரி, மிச்சமெல்லாம் வசவு. ஓவிய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பென்சிலைத் தொடுவதற்கு முன்னாலேயே டேப்லெட் கேட்கிறார்களாம். கம்ப்யூட்டர் வந்து கை கெட்டுப்போனதாம். அந்தப் பாவத்தில் அனிமேஷன்காரியான எனக்கும் பங்கு உண்டாம். நன்றாகக் கழுவி ஊற்றியிருக்கிறாய். ஊற்று, ஊற்று. உன்னிடம் வாங்காமல் வேறு யாரிடம் வாங்கப் போகிறேன்? ஆனால் கோபம் ஆறியதும் இதைப் படி. உனக்கென்று வம்பு சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் பெரிய இடத்து வம்பு. டிஸ்னி வீட்டு விவகாரம்.

முதல் வம்பு, ஆஸ்கார் மண்டபத்தில் நடந்தது. 2013 பிப்ரவரி 24. லாஸ் ஏஞ்சலிஸ் டால்பி தியேட்டர். சிறந்த அனிமேஷன் குறும்படம் 'பேப்பர்மேன்' என்று அறிவிக்கிறார்கள். இயக்குநர் ஜான் கார்ஸ் சிலையை வாங்கிக்கொள்கிறார். பரிந்துரையில் இருந்தது அவர் பெயர் மட்டும்தான். படத்தைத் தயாரித்த கிறிஸ்டினா ரீடுக்குச் சிலை கிடையாது, மாடி இருக்கைதான். அந்த அம்மாள் சும்மா இருந்தாரா? உதட்டுச்சாய முத்திரை பதித்த காகித ராக்கெட்டுகளை மாடியிலிருந்து பறக்கவிட்டார். காவலர்கள் வந்து அழைத்துக்கொண்டு போய் வெளியே நிறுத்திவிட்டார்கள். விருது வாங்கிய படத்தின் தயாரிப்பாளருக்கு விருது விழாவிலேயே இடமில்லை! அப்புறம் யாரோ விஷயத்தைச் சொல்ல, உள்ளே விட்டார்களாம்.

ஏன் ராக்கெட் என்று கேட்பாய். படமே ராக்கெட்டைப் பற்றியதுதான். நியூயார்க், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி. ரயில்நிலையத்தில் ஜார்ஜ் என்கிற குமாஸ்தா கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு நிற்கிறான். பக்கத்தில் மெக் என்கிற பெண். காற்றில் ஒரு தாள் பறந்து அவள் முகத்தில் ஒட்டிக்கொள்ள, உதட்டுச்சாயம் தாளில் பதிந்துவிடுகிறது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, அந்த உதட்டு முத்திரை மட்டும் சிவப்பு. இவன் சுதாரிப்பதற்குள் அவள் ரயிலேறிவிடுகிறாள். ஆபீஸில் வந்து உட்கார்ந்தால், எதிர்க் கட்டிட ஜன்னலில் அவளே! மேஜையில் இருந்த படிவங்களை ஒவ்வொன்றாக ராக்கெட் மடித்து விடுகிறான். ஒன்றுகூட அவளிடம் போய்ச் சேரவில்லை. மேலதிகாரி முறைக்கிறார். கடைசியில் முத்திரை பதிந்த தாளும் கைநழுவிப் போகிறது. அதற்கு மேல் சொன்னால் நீ பார்க்கும்போது ருசி இருக்காது. ஏழு நிமிடத்துக்கும் குறைவு. வசனமே இல்லை. நீ சினிமாவில் காதலைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிறவள்தான், இதற்கு விடமாட்டாய்.

என் கண்ணை இழுத்தது காதல் இல்லை, கோடு. ரயில் வரும் காற்றில் மெக்கின் கூந்தல் அலையும் இடத்தில் படத்தை நிறுத்திப் பார். முடியிழை ஒவ்வொன்றும் ஒரு கை ஒரே மூச்சில் இழுத்த கோடு. ஒரு பக்கம் தடிக்கிறது, மறுபக்கம் மெலிந்து காணாமல் போகிறது. முகத்தை விளிம்பு முழுக்கச் சுற்றி வரைந்திருக்க மாட்டார்கள். எங்கே கோடு வேண்டாமோ அங்கே விட்டுவிட்டார்கள். உன் வகுப்பில் நீ தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பது அதைத்தானே? எங்கே கோட்டை நிறுத்த வேண்டும் என்பதை? ஆனால் அந்த முகம் திரும்பும்போது பார், சிலையைச் சுற்றி வந்து பார்ப்பதுபோல் முழு உருவமாகத் திரும்புகிறது. வெளிச்சம் அதன் மேல் சரியாக விழுகிறது. தாளில் வரைந்த முகம் அப்படித் திரும்ப வேண்டுமென்றால் எத்தனை பெரிய கலைஞருக்கும் உயிர் போகும்.

இதன் சூட்சுமத்தைச் சொல்கிறேன், கேள். முதலில் வழக்கமான சிஜி (கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்) படம்போல் உருவங்களைக் கம்ப்யூட்டரில் செய்து, நடக்கவும் திரும்பவும் வைக்கிறார்கள். பளபளப்பெல்லாம் இல்லாமல், கரித்தூள் பூசிய தாள்போல் தட்டையாக. இது அடித்தளம். அதற்கு மேல் வரைகலைஞர்கள் டேப்லெட்டில் கையாலேயே கோடு போடுகிறார்கள். மூக்கு, இமை, உதடு, கூந்தல், சட்டையின் மடிப்பு எல்லாமே. அடியில் இருக்கும் உருவத்தின் ஒவ்வொரு இடமும் அடுத்த ஃபிரேமில் எங்கே போகும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும், அதை நகர்த்தியதே அதுதானே. அதனால் ஒரு ஃபிரேமில் போட்ட கோட்டை அந்த நகர்வோடு சேர்த்து அடுத்தடுத்த ஃபிரேம்களுக்குக் கொண்டுபோய்விடுகிறது. கலைஞர் சில ஃபிரேம்கள் தள்ளிப் போய்ப் பார்ப்பார். கோடு எங்கேயாவது இளித்தால் இழுத்துத் திருத்துவார், அல்லது அழித்துவிட்டுப் புதிதாக வரைவார். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டர் நிரப்பும். அது நிரப்பியது பிடிக்காவிட்டால் அதையும் அழிக்கலாம். அடியில் இருக்கும் உருவம் ஒன்று சொல்ல, மேலே இருக்கும் கோடு வேறு சொன்னால், ஜெயிப்பது கோடுதான்.

இந்த மென்பொருளுக்கு மியாண்டர் என்று பெயர். எழுதியவர் டிஸ்னியில் இருந்த பிரையன் விட்டட். ஆஸ்கார் அமைப்பு தொழில்நுட்பத்துக்குத் தனியாகக் கொடுக்கும் விருதை இதற்காக வாங்கினார். அதை வாங்கித் தந்த ஒரு சமாச்சாரத்தைச் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய்: வரைகிறவர் என்ன நினைத்துக் கோடு போட்டாரோ, அது கோட்டில் அப்படியே தங்கும்.

சிஜி உருவத்தின் விளிம்பைக் கண்டுபிடித்துத் தானாகவே கோடு போடும் மென்பொருள் அதற்கு வெகுநாள் முன்பே உண்டு. டிவி கார்ட்டூனில் நிறையப் பார்த்திருப்பாய். எல்லா இடத்திலும் ஒரே தடிமன், கம்பி வளைத்த மாதிரி. காரணம் சுலபம். விளிம்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும், எந்த விளிம்பு முக்கியம் என்று தெரியாது. அது தெரிய நீ வேண்டும், நான் வேண்டும். பேப்பர்மேன்காரர்கள் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கவே இல்லை. நீ கையைக் கெடுத்தது என்கிறாய். இங்கே அது கைக்கு எடுபிடி வேலை பார்த்திருக்கிறது.

இந்த எண்ணம் கார்ஸுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. மனுஷன் அடிப்படையில் சிஜி ஆள். பிக்ஸாரில் பத்து வருஷம் இருந்தவர். டிஸ்னிக்கு வந்து 'டேங்கிள்ட்' படத்தில் வேலை செய்தபோது அங்கே க்ளென் கீன் இருந்தார். 'தி லிட்டில் மெர்மெய்ட்' ஏரியல், 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' மிருகம் எல்லாம் அவர் கையில் பிறந்தவைதான். சிஜி படத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. மற்றவர்கள் செய்த காட்சிகளின் மேல் கோடு போட்டுத் திருத்திக் காட்டுவார்: கழுத்து இப்படி வளையட்டும், புருவம் இன்னும் ஏறட்டும் என்று. படம் முடிந்ததும் கோடுகள் குப்பைக்குப் போகும், சிஜி திரைக்குப் போகும். கார்ஸ் அதைப் பார்த்துப் பார்த்து, இத்தனை உயிருள்ள கோட்டை ஏன் வழியிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்று யோசித்திருக்கிறார். கதைக்கு வித்து இன்னும் பழசு. நியூயார்க்கில் வேலைக்குப் போய்வந்த நாட்களில் ரயிலடிக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரு கணம் கண்ணும் கண்ணும் சந்தித்துப் பிரிவதுண்டாம். அதை வைத்துக்கொண்டுதான் ஜார்ஜும் மெக்கும்.

இனி வரலாற்று வம்பு. டிஸ்னி வீட்டில் கோட்டுக்கும் இயந்திரத்துக்கும் உறவு நேற்று வந்ததில்லை. 1961-இல் வந்த '101 டால்மேஷன்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? புள்ளி போட்ட நாய்கள். படம் முழுக்க 6,469,952 புள்ளிகள் என்று அவர்களே விளம்பரம் செய்தார்கள். அதற்கு முன்பு எப்படி என்றால், அனிமேட்டர் பென்சிலில் வரைவார். இங்க் அண்ட் பெயின்ட் பிரிவில் இருக்கும் பெண்கள் அதைச் செல்லுலாய்ட் தாளில் மையால் நகல் எடுப்பார்கள். கைநடுக்கம் கொஞ்சமும் இல்லாத, முடியிழை மாதிரி மெல்லிய கோடுகள். இத்தனை புள்ளியை அப்படி நகலெடுத்தால் கம்பெனி திவாலாகிவிடும். அப்போது அப் ஐவர்க்ஸ் ஸெராக்ஸ் இயந்திரத்தை மாற்றியமைத்து, பென்சில் கோட்டை நேராகச் செல்லுலாய்டில் பதிய வைத்தார். மிக்கி மவுஸை முதலில் வரைந்த கை அந்த ஐவர்க்ஸுடையதுதான் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

அனிமேட்டர்களுக்குத் தலைகால் புரியவில்லை. தாங்கள் போட்ட கோடே, சொரசொரப்போடு, யாரும் தடவிச் சரிசெய்யாமல் திரையில் தெரிகிறது! வால்ட் டிஸ்னிக்கோ முகம் சுளித்துவிட்டது. பழைய வழவழப்பு போய்விட்டதே என்று. கலை இயக்குநர் கென் ஆண்டர்சன்தான் அகப்பட்டுக்கொண்டார். முதலாளி தன் மேல் ரொம்பக் காலம் மனத்தாங்கலாக இருந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆண்களுக்குள் நடந்த இந்தச் சண்டையைத்தான் புத்தகமெல்லாம் எழுதுகிறது. மை தீட்டிய பெண்களைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஸெராக்ஸ் வந்ததும் முதலில் வேலை போனது அவர்களுக்குத்தான்.

இதைக் குறித்து வைத்துக்கொள். அனிமேட்டர் கோடு திரைக்கு வந்தது. கோடு போடத் தெரிந்த இன்னொரு கூட்டம் வீட்டுக்குப் போனது. இரண்டும் ஒரே இயந்திரத்தால், ஒரே சமயத்தில். இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து கனடா. கம்ப்யூட்டரையும் கைக்கோட்டையும் குறும்படத்தில் சேர்த்துவைத்த முன்னோடிகள் அங்கேதான். 1969-இல் நெஸ்டர் பர்ட்னிக் என்கிற விஞ்ஞானி ஒரு மாநாட்டில் டிஸ்னி அனிமேட்டர் ஒருவர் பேசுவதைக் கேட்கிறார். தலைமை அனிமேட்டர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார், நடுவில் வரும் நகர்வுகளை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள் என்று அவர் சொன்னாராம். மார்கழியில் உங்கள் அம்மா புள்ளி வைத்து நடு இழையைப் போட்டுவிட்டு உள்ளே போக, நாமிருவரும் மிச்சத்தை இழுத்து முடிப்போமே, அதே ஏற்பாடுதான். பர்ட்னிக்குக்கு உடனே பொறி தட்டியது: இந்த உதவியாளர் வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடாதா? மார்செலி வெயின் என்பவரோடு சேர்ந்து ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் அதைச் செய்தும் காட்டினார்.

அந்தக் கருவியைக் கையில் எடுத்தவர் பீட்டர் ஃபோல்டெஸ். ஹங்கேரியில் பிறந்தவர். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 1974-இல் 'லா ஃபாம்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். 'பசி' என்று அர்த்தம். ஒரு மனிதன் தின்கிறான். தின்றுகொண்டே இருக்கிறான். ஊதிப் பெருத்துப் பூதமாகிறான். கடைசியில் பசித்த கூட்டம் அவனையே தின்கிறது. முக்கிய ஓவியங்கள் ஃபோல்டெஸ் வரைந்தவை, நடுவில் வருபவை கம்ப்யூட்டர் நிரப்பியவை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு உடம்பு என்றால் என்ன, எலும்பு என்றால் என்ன என்று தெரியாது. ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு வழவழவென்று வழிந்து போகத்தான் தெரியும். வேறு ஆளாக இருந்தால் அந்தக் குறையை மறைக்கப் பார்த்திருப்பார். ஃபோல்டெஸ் அதையே கதையாக்கிவிட்டார். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து கரைகிறது. பெருந்தீனிக்கு அதைவிடப் பொருத்தமான நகர்வு ஏது? கான் விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது, ஆஸ்காருக்கும் பரிந்துரைத்தார்கள். பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காராதே, அவ்வளவுதான் சொல்வேன்.

மறுபடி டிஸ்னிக்கு வா. 1983. ஜான் லாஸெட்டர் என்கிற இளம் அனிமேட்டர், நாம் முன்பு பார்த்த அதே க்ளென் கீனோடு கூட்டுச் சேர்ந்து ஒரு சோதனை செய்கிறார். மாரிஸ் செண்டாக்கின் குழந்தைக் கதைப் புத்தகத்திலிருந்து ஒரு துணுக்கு. சிறுவனும் நாயும் கைவரை. அவர்கள் ஓடும் அறையும் மாடிப்படியும் கம்ப்யூட்டர் செய்தது. கேமரா அவர்கள் பின்னாலேயே வளைந்து வளைந்து போகிறது. லாஸெட்டர் துள்ளிக்கொண்டு, இதே முறையில் ஒரு முழுப்படம் எடுக்கலாம் என்று மேலிடத்தில் போய்ச் சொன்னார். அவர்கள் கேட்ட கேள்வி, செலவு குறையுமா, நேரம் குறையுமா? இரண்டும் குறையாது என்றதும் கூட்டம் முடிந்தது. சில நிமிடங்களில் போன் வந்தது: உங்களுக்கு இங்கே வேலை இல்லை. அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் பின்னால் பிக்ஸார் ஆனது. 2006-இல் அதே பிக்ஸாரை டிஸ்னி 740 கோடி டாலருக்கு வாங்கியபோது, அவரே டிஸ்னி அனிமேஷனுக்கும் படைப்புத் தலைவராக வந்து உட்கார்ந்தார். பேப்பர்மேன் அவர் காலத்தில்தான் எடுத்தது. நம் சீரியல்காரர்கள்கூட இப்படி ஒரு திருப்பம் எழுதத் தயங்குவார்கள்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. செல்லுலாய்டும் மையும் போய், கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டும் 'கேப்ஸ்' என்ற முறை வந்தது. 1989-இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் கடைசிக் காட்சியில் சோதித்தார்கள். அடுத்த வருஷம் 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முழுக்க அதில்தான். மை தீட்டும் பெண்களில் மிச்சம் இருந்தவர்களுக்கும் தூரிகைக்கும் அத்தோடு முடிந்தது. கைவரைப் படங்களின் பெரிய வெற்றிகள், 'அலாதீன்', 'தி லயன் கிங்' எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இயந்திரம் கைவரையைக் கொல்லவில்லை. சில கைகளைத்தான் வெளியே தள்ளியது.

இப்போது பேப்பர்மேனின் பின்கதை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பிப்ரவரி 24-இல் ஆஸ்கார். டிஸ்னிக்கு அனிமேஷன் குறும்படத்தில் 43 வருஷம் கழித்துக் கிடைத்த விருது. கைக்கோடு திரும்பி வந்துவிட்டது என்று உலகமெல்லாம் பாராட்டுகிறது. மார்ச் மாதம் பங்குதாரர் கூட்டத்தில் தலைவர் பாப் ஐகர் எழுந்து, எங்கள் நிறுவனம் எதிலும் இப்போதைக்குக் கைவரை முழுநீளப் படம் எதுவும் தயாரிப்பில் இல்லை என்கிறார். ஏப்ரலில் மூத்த கைவரை அனிமேட்டர்கள் பலரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 'மெர்மெய்ட்' சூனியக்காரி அர்சுலாவை வரைந்த ரூபன் அக்கீனோ, 'ஹெர்குலிஸ்' பட ஹேடீஸை வரைந்த நிக் ரனியேரி எல்லாம் அந்தப் பட்டியலில். க்ளென் கீன் முந்தின வருஷமே விலகிவிட்டார். கோடு போட்டு வாங்கிய சிலை அலமாரியில் ஏறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கோடு போடுகிறவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

நீ சொல்வாய், பார்த்தாயா, கம்ப்யூட்டர் செய்த வேலை என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மியாண்டர் அவர்களை அனுப்பச் சொல்லவில்லை. அந்த மென்பொருளுக்குத் தேவையே நல்ல கைதான். கை இல்லாவிட்டால் கரித்தூள் பூசிய பொம்மைதான் மிஞ்சும். அனுப்பியது கணக்குப் புத்தகம். 1961-இலும் அதுதான், 1983-இல் லாஸெட்டருக்குப் போன் போட்டதும் அதுதான். எனக்கே தெரியாதா? நான் முதலில் வேலை பார்த்த ஸ்டுடியோவில் கோட்டைத் துலக்கும் க்ளீன்-அப் பெண்களின் விளக்கு மேஜைகளை ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டார்கள். புது மென்பொருள் வந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மென்பொருள் வந்து இறங்கியதென்னவோ அதற்கும் ரொம்ப நாள் கழித்துத்தான்.

வயிற்றெரிச்சல் போதும், ஒரு சிரிப்புச் சமாச்சாரம் சொல்கிறேன். அதே 2013-இல் டிஸ்னி 'கெட் எ ஹார்ஸ்!' என்று ஒரு குறும்படம் விட்டது. முதலில் என்ன சொல்லிப் பரப்பினார்கள் தெரியுமா? 1928-இல் எடுத்துத் தொலைந்துபோன மிக்கி மவுஸ் படம் இப்போது கிடைத்துவிட்டது என்று! கறுப்பு வெள்ளை, கீறல், தூசி, குலுங்கும் பிம்பம் எல்லாம் அச்சு அசல். நடுவில் மிக்கி திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுகிறான். விழுந்தவன் வண்ணத்தில், முழு உருவ சிஜியில் நிற்கிறான். அப்போதுதான் குட்டு உடைகிறது. திரைக்குள்ளே எரிக் கோல்ட்பர்க் தலைமையில் கைவரை, வெளியே கம்ப்யூட்டர். கீறலும் தூசியும்கூடப் புதிதாகச் செய்து போட்டவை. இயக்கியவர் லாரன் மக்மல்லன் என்கிற பெண்மணி. மிக்கிக்குக் குரல் வால்ட் டிஸ்னியே! 1966-இல் செத்துப்போனவரின் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிக் கோர்த்திருக்கிறார்கள். மிக்கி தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்து, அது சிவப்பு என்று வியக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் காலத்து மிக்கி எங்கே சிவப்பைப் பற்றிப் பேசினான்? அந்தச் சொல் எந்த நாடாவிலும் இல்லாமல், ஒலி ஒலியாக ஒட்டித் தைத்தார்களாம்.

பேப்பர்மேனில் கையும் கம்ப்யூட்டரும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன; இதில் இரண்டும் எதிரும் புதிருமாக நின்று மல்லுக்கட்டுகின்றன. எனக்குப் பேப்பர்மேன்தான் உசத்தி. மல்லுக்கட்டு வேடிக்கை ஒருமுறை பார்க்கலாம், அந்தக் கோட்டை எத்தனை முறையும் பார்க்கலாம்.

அடுத்த வருஷம் 'ஃபீஸ்ட்' வந்தது. வின்ஸ்டன் என்கிற நாய்க்குட்டி. அதன் எஜமானின் காதல் கதை முழுவதையும் நாயின் சாப்பாட்டுத் தட்டு வழியாகவே சொல்லிவிடுகிறார்கள். இயக்கிய பாட்ரிக் ஆஸ்போர்ன், பேப்பர்மேனில் அனிமேஷன் தலைமை. அதில் கோடு என்பதையே எடுத்துவிட்டு, வண்ணத் திட்டுகளால் மட்டும் உருவம் காட்டினார். அதற்கும் ஆஸ்கார். கீன் என்ன ஆனார் என்கிறாயா? கூகுளுக்காக 2014-இல் 'டூயட்' என்று ஒரு குறும்படம் வரைந்தார். போனைக் கையில் வைத்துத் திருப்பினால் படமும் திரும்பும். பையன் பின்னால் போவதா, பெண் பின்னால் போவதா என்பது உன் இஷ்டம். வழக்கமாக நொடிக்கு 24 ஃபிரேம், அதிலும் பாதிதான் வரைவார்கள். போனுக்காக அந்த மனுஷன் நொடிக்கு 60 ஃபிரேம் என்று பென்சிலில் வரைந்து தள்ளினார். படங்கள் பத்தாயிரத்துக்கு மேல். அப்போது அவருக்கு அறுபது வயது. கம்ப்யூட்டர் கையைக் கெடுக்கும் என்கிற உன் கட்சிக்கு அவரை இழுத்துப் பார், வருகிறாரா என்று.

சரி, இனி உன் பிள்ளைகளுக்கு வா. டேப்லெட் கேட்கிறவனைத் திட்டாதே. பேப்பர்மேனைப் போட்டுக் காட்டு. முதலில் கதைக்காக ஒருமுறை. பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொருமுறை, இடையிடையே நிறுத்தி, இந்த முகத்தில் எந்தக் கோடு விடுபட்டிருக்கிறது என்று கேள். சொல்லத் தெரிந்தவனிடம் பென்சில் இருந்தாலும் டேப்லெட் இருந்தாலும் ஒன்றுதான். சொல்லத் தெரியாதவனுக்கு எந்த மென்பொருளும் உதவாது. அதை நீதான் கற்றுக்கொடுக்க வேண்டும், எந்தக் கம்பெனியும் கற்றுக்கொடுக்காது.

கூடவே இன்னொன்றும் சொல்லிவை. அவர்களில் யாராவது நாளைக்கு ஸ்டுடியோ வாசலில் போய் நின்றால், நடுப்படம் வரைகிறவராக இருந்தாலும் கோட்டைத் துலக்குகிறவராக இருந்தாலும், தன் பெயர் படத்தின் கடைசியில் வருமா, அடுத்த படத்துக்கும் வேலை உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். மெஷினோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கேட்க வேண்டியது முதலாளியிடம்.

படம் பார்த்துவிட்டுப் பதில் எழுது. வசவு இருந்தாலும் பரவாயில்லை, இந்த முறை பாதிக்குப் பாதி வைத்துக்கொள்.

என்றும் உன்,
சோடாபுட்டி